சந்துக்குள் வரும் பஸ்

ஊர் வசதிகளுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று வீடு வீடாகக் கேட்பது அவள் வேலை. அந்தச் சந்தில் குடிதண்ணீரைத் திட்டினார்கள்; தெருவிளக்கைத் திட்டித் தீர்த்தார்கள். பஸ் என்றதும் மட்டும் எல்லாருக்கும் முகமெல்லாம் பல்.

"வாசல்லயே வந்து நிக்கும்மா. பத்துக்குப் பத்து!" என்றார் தையல்காரர்.

இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய சந்து அது. எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதை அப்படியே கொண்டுபோனால் மேலதிகாரி காய்ச்சி எடுத்துவிடுவார். பஸ்ஸுக்கு சைபர் போட்டுவிட்டு, கால் கடுக்கத் திரும்பி நடந்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. இருபுறமும் கொடியில் காய்ந்த துணி ஒன்றுகூட அசையாமல், முழுசாக ஒரு பஸ் நின்றிருந்தது.

"ஏறுங்கம்மா, வீட்டு வாசல்லயே இறக்கி விடுறோம்," என்று கண்டக்டர் ஜன்னலோர சீட்டைத் துடைத்துவிட்டார். "அந்த சைபரை மட்டும் அழிச்சிடுங்களேன்."