ஒரே ஒரு கேன்

வடகரப்பதியில் தங்கதுரையின் கருமாதி. புயலில் படகு கவிழ்ந்தபோது அவனோடு கடலில் விழுந்து, உயிர் பிழைத்து வந்த சிவப்பிரகாஷும் பந்தியில் இருந்தான்.

"கெணத்துல நீச்சல் பழக்குனப்ப உன்ற முதுகுல காலி கேனைக் கட்டி உடுவானே கண்ணு, கடல்லயும் அப்படித்தானா?" என்று கேட்டாள் தங்கதுரையின் அம்மா சரஸ்வதியம்மாள்.

"ஆமாங்க பெரிம்மா. இருந்ததே ஒரு கேன்தானுங்க. 'முதுகுல கட்டிட்டேன், பயப்படாம நீந்து'ன்னான். அந்தத் தெகிரியத்துலதான் மீட்புப் படகு வர்ற வரைக்கும் நீந்துனனுங்க."

"பாத்தீங்களா, எம்பட பையன் தன்ற உசுரையே குடுத்திருக்கான்!"

சிவப்பிரகாஷ் தலையாட்டிவிட்டு இலையைப் பார்த்தான். அழுகை வரவில்லை.

மீட்புப் படகில் தூக்கிப் போட்டபோது அவன் முதுகில் வெறும் கயிறுதான் இருந்தது. கேன், பக்கத்தில் பிணமாகக் கிடத்தியிருந்த தங்கதுரையின் இடுப்பில் இறுகக் கட்டியிருந்தது.