உபசாரம்

அணு ஒப்பந்தத்தின்படி வந்திருந்த ஆய்வாளர் பாலிண்ட், வெள்ளைப் பஞ்சுத் துணியால் கிடங்குச் சுவரைத் துடைத்து உறையில் போட்டார். இங்கே யுரேனியமே இருந்ததில்லை என்று ஈரான் எழுதிக் கொடுத்திருந்தது. அது பொய்யானால் காட்டிக்கொடுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும்.

"ஏதாவது சிக்கினா முதல்ல போறது உன் தலைதான்," என்று நிர்வாகி தவக்கோலி காவலர் பெஹ்ரூஸின் காதில் சொன்னார்.

"மூணு வாரமா தரையைப் பேத்து, சுவரைச் சுரண்டிப் புதுச் சாயம் அடிச்சிருக்கோம் ஐயா. அவருக்குச் சாயம்தான் கிடைக்கும்."

ஆய்வு முடிந்து தேநீர் வந்தது. பாலிண்ட் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சினார்.

"உங்க கம்பளித் தொப்பி நல்லா இருக்கே, பெஹ்ரூஸ். புதுசா?"

"எங்க ஐயா புதுசு? வீட்டுல பின்னினது. இந்தக் கிடங்குல பதினோரு வருஷக் குளிருக்கும் இதேதான். பிடிச்சிருந்தா எடுத்துக்குங்க, உங்களுடையதுதான்."

"ரொம்ப நன்றி," என்று பாலிண்ட் வாங்கிக்கொண்டார்.

தவக்கோலி சிரித்தார். "இங்க இப்படிக் குடுக்கறது ஒரு மரியாதைக்கு. நீங்க மூணு தடவை வேண்டாம்னு சொல்லணும்."

"தெரியும். என் மனைவியும் ஈரான்தான், ஷீராஸ்காரி."

பாலிண்ட் தொப்பியை உறையில் போட்டு முத்திரை வைத்தார். "சுவரைச் சுரண்டிடலாம். கம்பளி தூசியை லேசுல விடாது. இதை நல்லா துவைச்சிருப்பீங்களே, பெஹ்ரூஸ்?"

தவக்கோலி பெஹ்ரூஸின் வெறுந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.