பெயரில்லாத கட்டம்

சாய மாஸ்டர் நஜீமுதீன் பதினொரு கட்டங்கள் வரைந்தார். இயந்திரம் பன்னிரண்டை ஓட்டியது.

1994இல் நெருப்பெரிச்சல் ஊரின் சாயப்பட்டறைக்கு வந்த, சாய இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. திரையில் கட்டங்கள் போட்டுக் கோடுகளால் இணைத்தால் போதும்: தண்ணீர் நிரப்பு, சூடாக்கு, சாயம் விடு, வெளியேற்று. ஒரு கட்டத்தின் வேலை முடிந்தால்தான் கோடு வழியாக அடுத்த கட்டத்துக்கு உத்தரவு போகும்.

‘வெளியேற்று’ என்பதற்கு முன்னால் பெயரில்லாத ஒரு கட்டம் தானாக வந்து நின்றது. அழித்தால் மறுநாளும் இருந்தது. அதைத் தாண்டி உத்தரவு போகவில்லை. வால்வைக் கையால் திருகித் திறப்பதற்குள் துணி சாயத்தில் ஊறிக் கருத்தது. இரண்டு லாட் துணி பாழ். மூன்றாவதும் போனால் சாய மாஸ்டர் வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மூன்றாவது லாட்டும் அங்கேயே நின்றது.

“சரி, போ!” என்று கத்தினார் நஜீமுதீன்.

துணி ஏற்றும் பழனாயி சிரித்தாள். “ஏனுங்க மாஸ்டர், நாயத் தொரத்தற மாதிரி சொன்னா யாருங்க கேப்பாங்க?”

“மெஷினுக்குமா மரியாதை?”

“ஒரு ‘ங்க’ போட்டா வாய் வலிக்குதுங்களா?”

கூச்சத்தில் முகத்தை இயந்திரத்தின் இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, “சரிங்க” என்றார். வால்வு திறந்தது.

கன்ட்ரோலரைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒலியைக் கேட்கும் பாகம் எதுவும் அதில் இல்லை.

அதன்பின் எந்த லாட்டும் கருக்கவில்லை. முறை எளியது. பெயரில்லாத கட்டம் வந்ததும் ஒருவர் “சரிங்க” என்று சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னால் திறக்காது. அதன் இடப்பக்கம், யாரும் நிற்காத இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.