மூன்றாம் மாடிக் காற்று

“இந்தப் படத்துல சிரிக்கிறவரு என் வீட்டுக்காரரு.”

வந்தவள் நோட்டீஸை மேசைமேல் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள். தையல் கடையிலிருந்து நேரே வந்திருப்பாள் போலிருக்கிறது. அளவு நாடா இன்னும் கழுத்திலேயே கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவன் படத்தைக் குனிந்து பார்த்தான். அந்த அடுக்குமாடி நிறுவனத்தில் விளம்பரம் எழுதுகிறவன் அவன். ஆபீஸில் எல்லோரும் ‘பேனா’ என்றுதான் கூப்பிடுவார்கள். விற்றது நாலு வீடு. நோட்டீஸில் மகிழ்ந்து பேசிய வாடிக்கையாளர்களோ பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் அவன் பேனாவில் பிறந்தவர்கள்.

முகங்கள் மட்டும் நிஜம். மூடப்போகிற ஒரு போட்டோ ஸ்டுடியோவில், யாரும் வாங்க வராத படங்களை மொத்தமாக அள்ளி வந்திருந்தான்.

“நல்லாப் பாருங்கம்மா. ஒரே சாடையில எத்தனையோ பேரு இருப்பாங்க.”

“சாடை இருக்கலாம் தம்பி. இந்தக் காலரு நான் தைச்சது. கத்தரி வழுக்கி ஒரு பக்கம் கோணலாயிடுச்சு. ‘விடு, போட்டோல தெரியாது’ன்னு போட்டுக்கிட்டுப் போனாரு. பாருங்க, தெரியுது.”

தெரியத்தான் செய்தது.

“பேனா அண்ணே, உங்க கஸ்டமரு வீட்லகூடச் சொல்லாம பிளாட் வாங்கிட்டாரு போல!” என்றாள் வரவேற்பு மேசைப் பெண். அவன் முறைத்த முறைப்பில் சட்டென்று டெலிபோனைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“சொல்லிக்காமத்தான் போனாரு” என்றாள் வந்தவள், கோபமே இல்லாமல். “நாலு வருஷம் ஆச்சு. அவருக்கு இளைப்பு. எங்க வீடு கீழ்த்தளம், ஈரச் சுவரு, ஜன்னல்னு பேருக்கு ஒண்ணு. காத்தோட்டமா வேற வீடு பாப்போம்னாரு. மாமியாரு அசைய மாட்டேன்னுட்டாங்க. பேச்சு முத்திப்போயி, ‘காத்துதானே வேணும், வெளியில போடா, நெறைய இருக்கு’ன்னுட்டாங்க. போட்டோ எடுத்துட்டு வந்த அன்னிக்கே இது. போட்ட சட்டையோட கிளம்பிட்டாரு. படத்தை வாங்கக்கூட யாரும் போகல.”

அவன் பார்வை நோட்டீஸில் விழுந்தது. ‘மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் போதும், காற்று வந்து கட்டிக்கொள்கிறது. இனி எனக்கு ஒரு குறையும் இல்லை.’ கோணல் காலரோடு அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மாமியாரு இப்பப் படுத்த படுக்கை. ஒரு வாய் இறங்காமக் கிடந்தாங்க. மூணு வாரத்துக்கு முந்தி இந்த நோட்டீஸ் கதவிடுக்குல வந்து விழுந்துச்சு. ‘எம்புள்ளைக்குக் காத்து கெடச்சிருச்சு’ன்னு சொல்லி ஒரு டம்ளர் பாலை முழுசாக் குடிச்சாங்க தம்பி. தலகாணிக்கடியிலயே வெச்சிருக்காங்க. அவங்க கண்ணசந்த நேரம் பாத்து உருவிக்கிட்டு வந்தேன்.”

அடுத்து, எந்த வீடு, என்ன நம்பர் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் தண்ணீர்க் குவளையை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

“இது மாசாமாசம் வருமா தம்பி?” என்றாள்.

“வரும்மா. ஒண்ணாந் தேதி.”

“இன்னும் ஒன்பது நாளு இருக்கு” என்று தனக்குள் முணுமுணுத்தாள். “இவரு படமேதான் வருமா?”

அவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மேனேஜர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. காதில் விழுந்தால் வேலை போகும். போனால் போகட்டும். பாவம், இல்லாத ஒரு வீட்டின் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை ஒண்ணாந் தேதிதான் உட்கார்ந்திருப்பாள்?

“அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. இது அத்தனையும் பொய். படம் ஸ்டுடியோவுல எடுத்தது. இவரு யாருன்னே எனக்குத் தெரியாது. அந்த வார்த்தை எல்லாம் இதே நாற்காலியில உக்காந்து நான் எழுதினது. மூணாவது மாடிக்கு இன்னும் ஜன்னலே வெக்கலம்மா.”

அழுவாள், இல்லை அறைவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். இரண்டும் நடக்கவில்லை.

அவள் படத்திலிருந்த காலரைக் கட்டைவிரலால் தடவினாள்.

“தெரியும் தம்பி. இந்தச் சட்டையை ஆஸ்பத்திரியில மடிச்சு என் கையில குடுத்து ரெண்டு வருஷமாச்சு. வேற ஊரு. நானே போய் எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்தேன். மாமியாருகிட்ட மட்டும் சொல்லல. தன் வாய்தான் புள்ளையக் கொன்னுச்சுன்னு அன்னிக்கே போயிருப்பாங்க.”

அவன் தலையை நிமிர்த்தினான். “அப்ப எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

“மாமியாருக்கு டாக்டரு ஒரு மாசம்னு கெடு சொல்லிட்டாரு. தினமும் எழுத்துக் கூட்டி அவங்களே இதைப் படிக்கிறாங்க. படிச்சிட்டு, ‘என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலியாடி’ன்னு என் மூஞ்சியப் பாக்கிறாங்க.”

மேசையில் கிடந்த பேனாவை அவன் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

“அந்தக் காத்து வரிக்குக் கீழ, ‘எங்கம்மா மேல எனக்குக் கோபமில்ல’ன்னு ஒரு வரி சேத்துடுறீங்களா?”