இரவல் கோட்டு

"சிரிக்காதீங்கம்மா. சிரிச்சா படத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

அவள் எங்கே சிரித்தாள்? உதடு நடுங்கியதைச் சிரிப்பென்று நினைத்துவிட்டார் ஸ்டுடியோக்காரர்.

பாஸ்போர்ட் படத்துக்கு வருகிற ஆண், பெண் எல்லாருக்கும் அந்தக் கடையில் ஒரே கறுப்புக் கோட்டுதான். தொளதொளவென்று இருந்ததை அவள் முதுகுப் பக்கம் இழுத்து, துணி காயப்போடும் கிளிப் நாலு மாட்டியிருந்தார். முன்னால் பார்த்தால் பெரிய அதிகாரிதான்!

கோட்டைப் போட்டதிலிருந்து தைல வாசனை குப்பென்று வந்தது. காலையில் கணவனுக்குக் கழுத்துப் பிடிப்பு. தேய்த்துவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லையே என்று எரிச்சல்பட்டாள்.

"இதை வெளியில கண்ணாடியில ஒட்டிடாதீங்க. வீட்டுக்குத் தெரியாது."

"புருஷன் தொந்தரவாம்மா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நல்ல மனுஷன்."

அதுதான் கொடுமை. அடிக்கிறவன் என்றால் ஊரே அவள் பக்கம் நிற்கும். பதினாறு வருஷமாக அவன் வருகிறான், சாப்பிடுகிறான், டிவி முன்னால் உட்காருகிறான். பிள்ளையும் இல்லை. "என்ன யோசனை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை." அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மூச்சு முட்டியது.

தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் பாத்திரம் கழுவினாலும் சரி, வேறொரு வாழ்க்கை வேண்டும். விசா வந்ததும் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அவன்தான் பாவம். மறுபடியும் கழுத்துப் பிடித்தால் யார் தேய்த்துவிடுவார்கள்?

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

"அவ்வளவுதாம்மா. அஞ்சு நிமிஷம், வெட்டித் தர்றேன்."

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மேஜைப் பக்கம் வந்தாள். இன்னும் வாங்கிப் போகாத, ஒரே முகத்தின் எட்டுப் படங்கள் அங்கே வரிசையாகக் கிடந்தன. அதே கோட்டு. உள்ளே, நேற்று அவள் இஸ்திரி போட்ட நீலச் சட்டை. தலை மட்டும் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவரு..."

ஸ்டுடியோக்காரர் பதறிப்போய்ப் படங்களை வாரிக் கவருக்குள் போட்டார்.

"தெரிஞ்சவரா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. அவரும் வீட்டுக்குத் தெரியாமத்தான் கிளம்பறாரு."