இரண்டு கூடுதல் லைட்டுகள்

பினாங்குத் தீவின் போக்குவரத்து வரலாற்றையே புரட்டிப் போடும் முடிவொன்றை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிவநேசன் மெக்கானிக் இஸ்மாயிலிடம் அறிவித்தார். தம் மோட்டார்சைக்கிளில் மேலும் இரண்டு லைட்டுகள் பொருத்தப்படும்.

“இருக்கிற லைட்டு பத்தல தம்பி. போன வாரம் தண்ணீர்மலையிலேருந்து வீட்டுக்கு வர்றப்ப வழி தப்பிட்டேன். முப்பது வருஷமா ஓட்டுற ரோடு! இருட்டுல எவனா இருந்தாலும் தப்புவான்.”

“பொறுங்கண்ணே, பேட்டரி தாங்குமான்னு முதல்ல பார்க்கணும் லா.”

சிவநேசன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். இஸ்மாயில் சீட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார். இரண்டு லைட்டையும் தாராளமாகத் தாங்கும். ஆனால் பேட்டரியிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்கு ஏற்கெனவே வயர் போயிருந்தது.

“அதைக் கழட்டிடாதீங்க தம்பி,” என்றார் சிவநேசனோடு வந்து கடையிலேயே நின்றுவிட்ட அவர் மனைவி ருக்குமணி. “நான்தான் அவருக்குத் தெரியாம மாட்டுனேன். எங்க இருக்காருன்னு என் போன்ல காட்டும்.”

இஸ்மாயில் சிரித்துவிட்டார். “இந்த வயசுலயும் அண்ணன் மேல சந்தேகமா அக்கா?”

ருக்குமணி சிரிக்கவில்லை.

“லைட்டை மாட்டிவிடுங்க தம்பி, அவரு மனசுக்கு ஆறுதலா இருக்கும். அவரு வழி தப்புனது காலையில பதினோரு மணிக்கு.”