நாற்காலியை நகர்த்தாதீங்க

“நாற்காலியை நகர்த்தாதீங்க!”

சமையலறையிலிருந்து மனைவி போட்ட சத்தத்தில் அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“என் வீட்ல ஒரு நாற்காலியை நகர்த்த எனக்கு உரிமை இல்லையா?”

“இல்லை. பழகின இடம் மாறினா அது இடிச்சுக்கும்.”

‘அது’ என்பது நாய். இரண்டு கண்ணும் தெரியாது. காப்பகத்தில் இடமில்லை, யாராவது தத்தெடுக்கும்வரை இருக்கட்டும் என்றுதான் அழைத்து வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் நாய் வைத்ததுதான் சட்டம். மேஜை முனைகளில் ஸ்பாஞ்ச். படிக்கட்டுக்கு முன்னால் சொரசொர கால்மிதி. நாய் கழுத்தில் மணி வேறு.

“கண்ணு தெரியாததுக்கு மணி எதுக்கு?” என்று கேட்டிருக்கிறான்.

“அது எங்கே இருக்குன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?”

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

“எங்கம்மாவுக்கு ஒரு நாளாவது இப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கியா?” உள்ளறையில் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திக் கேட்டான்.

அவள் வந்து நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

விடுவானா? வீம்புக்கென்றே அதை நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, சோபாவில் போய் உட்கார்ந்தான்.

“நாளைக்கே காப்பகத்துல விட்டுட்டு வா. ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“அது இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்க உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் ‘தடால்’ என்று சத்தம்.

“ஐயோ!” என்று ஓடி வந்தாள்.

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இடிச்சா இடிச்சுக்கட்டும். நாய்தானே?”

சொன்ன பிறகுதான் கவனித்தான். நாய் அவன் காலடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலி குப்புறக் கிடந்தது. பக்கத்தில் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா, இவ்வளவு பெரிய நாற்காலி தெரியலையா?”

“லைட்டைப் போட்டு வெச்சா என்னடா? ஒரே இருட்டு.”

ஹால் முழுக்கக் காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மனைவி அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். போன பார்வை திரும்ப வராதாம். உங்களுக்குத் தெரிஞ்சா மெஷின்ல உட்கார விடமாட்டீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். ‘நான் என்ன குருடியா?’ன்னு தூக்கி எறிஞ்சாங்க. அத்தைக்காகன்னு ஒரு ஸ்பாஞ்ச் ஒட்டினாலும் பிச்சுப் போட்டிருப்பாங்க. நாய்க்காகன்னு சொன்னேன், ஒரு வார்த்தை பேசலை.”

ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஏண்டா, அதைக் கொண்டுபோய் விடச் சொன்னியா? பாவம்டா, கண்ணு தெரியாத ஜீவன். அது எங்கே போகும்?”

அவன் போய் நாற்காலியைத் தூக்கி, பழைய இடத்தில் வைத்தான்.

“எங்கேயும் போகாதும்மா” என்றான். “நாய்க்காக, இந்த வீட்ல இனிமே ஒரு சாமானும் இடம் மாறாது.”